கண்ணை மூடிக்கொண்டு பார்த்த நிலா

நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு, வீட்டுக்கு வந்ததும் எதையும் பார்க்காமல் சும்மா கிடந்தால் போதும் என்றிருக்கும். எதிரே வருகிற லாரி, குறுக்கே பாய்கிற சைக்கிள், மாறவே மாறாத சிவப்பு விளக்கு, மேலதிகாரியின் முகம் என்று அவர்கள் கண் படுகிற பாடு கொஞ்சமல்ல. ஆனால் இந்த டிரைவர் வேறு ரகம். சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு மொட்டைமாடிக்கு ஏறி, பகலெல்லாம் பார்த்தது போதாது என்று வானத்தையும் பார்க்க ஆரம்பித்துவிடுவார். டிப்போவில் அவருக்கு 'நிலா டிரைவர்' என்றே பெயர் நிலைத்துப்போயிற்று. ஒருநாள் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டால் போதும், "என்னண்ணே, அங்க டிராஃபிக் ஜாஸ்தியா?" என்று மேலே கையைக் காட்டிக் கேட்பார் அவருடைய கண்டக்டர். டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கிண்டல் பண்ணுகிற ஆள் என்றைக்காவது மாடிக்கு வந்து பார்க்காமலா போவான் என்கிற நம்பிக்கை அவருக்கு.

மாடியில் இருந்தது ஒரு தொலைநோக்கி. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தை மூடியபோது கழித்துப்போட்ட சாமான்களோடு கிடைத்தது. வாளி அகலத்துக்கு ஒரு தகரக் குழாய். நிறுத்தினால் அவருடைய நெஞ்சுயரம் வரும். அடியில் கிண்ணம்போலக் குழிந்த ஒரு கண்ணாடி. வானத்திலிருந்து வருகிற வெளிச்சத்தை அது வாங்கி மேலே திருப்பி அனுப்பும். வாய்ப்பக்கம் சாய்வாக உட்கார்ந்திருக்கிற இன்னொரு சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அங்கே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ஐபீஸ். அதில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு குமிழ். அதைத் திருகினால் ஐபீஸ் உள்ளேயும் வெளியேயும் நகர்ந்து, படம் ஒரு இடத்தில் தெளிந்து நிற்கும். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே வண்டியைப் பின்னால் எடுத்துத் தலை நரைத்தவர் என்பதாலோ என்னவோ, டிரைவருக்கு அந்தக் குழாய் முதல் நாளே கைக்குப் பழகிவிட்டது.

அவருடைய மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தார். தெருவுக்கே அவர் 'தையல்காரம்மா'. பள்ளிச் சீருடைதான் முக்கால்வாசி வேலை. நிலா நன்றாக இருக்கிற சாயங்காலங்களில் மாடியிலிருந்து குரல் வரும்: "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்!" அந்தம்மாவும் கழுத்தில் தொங்குகிற அளவு டேப்போடு மூச்சு வாங்க ஏறிப்போய், குனிந்து ஐபீஸில் முகத்தை வைத்துவிட்டு, "அடேயப்பா! கொள்ளை அழகுங்க!" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக டிரைவர் அன்றைய நாள் முழுக்க வாங்கிய திட்டையெல்லாம் மறந்துவிடுவார். பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று. எந்தக் குடும்பத்திலும் ஒரு சந்தோஷம் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் குட்டு உடைந்தது. வழக்கம்போலக் கூப்பிட்டார், வழக்கம்போல அந்தம்மா வந்தார், குனிந்தார். "அம்மாடி! இன்னைக்கு என்னமா ஜொலிக்குது!" என்றார். டிரைவர் பூரித்துப்போய், தானும் ஒருதரம் பார்க்கலாம் என்று கண்ணை வைத்தார். கும்மிருட்டு. குமிழைத் திருகினார். அப்போதும் இருட்டு. நிமிர்ந்து பார்த்தால், குழாயின் வாயில் போட்ட மூடி போட்டபடியே இருக்கிறது.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அந்தம்மாவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். "என்ன தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். அந்தம்மா மூடியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், அளவு டேப்பைச் சுருட்டினார், பிரித்தார். டிரைவர் குழாயைத் துணி போட்டு மூடிவிட்டு இறங்கிப்போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த சில நாள் வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான். டிரைவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். "என்னண்ணே, நிலா உங்ககூட பேச்சை நிறுத்திடுச்சா?" என்று கண்டக்டர் கேட்டபோது கியரை மாற்றி வண்டியை வேகமாக எடுத்தார். அவருக்கு வலித்தது நிலா விஷயம் அல்ல. இத்தனை வருஷமும் தன்னோடு ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். உண்மையில் அங்கே அவர் ஒருத்தர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்தத் தனிமை பழைய நாட்களுக்கும் சேர்த்து ஒரேயடியாக வந்து இறங்கியது.

கடைசியில் அந்தம்மாவே மெஷினை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார்.

"எனக்கு எதையாவது கண்ணுக்குக் கிட்டக் கொண்டு வந்தாலே ரெண்டு கண்ணும் இறுக மூடிக்கும்ங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். சொட்டு மருந்து விடணும்னா ரெண்டு பேர் என்னைப் பிடிச்சுக்கணும். உங்க குழாய்ல முகத்தை வச்சதும் கண்ணு தானா மூடிக்குது. நான் என்ன செய்ய?"

"அப்போ ஒருநாள்கூட..."

"ஒருநாள்கூட இல்லை."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"முதல் நாள் உங்க மூஞ்சியை நீங்க பாக்கலை, நான் பாத்தேன். அவ்ளோ சந்தோஷம். எப்படிங்க சொல்றது? அழகா இருக்குன்னு சொல்லிட்டேன். ஒருதரம் சொல்லிட்டா அப்புறம் திருப்பி எடுக்க முடியுதா?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பக்கத்திலேயே நின்றது. அன்று ராத்திரி சாப்பிடும்போது, "கண்ணைக் கிட்டக் கொண்டு போகாம நிலாவைக் காட்டினா பார்ப்பியா?" என்று கேட்டார். "எப்படி?" என்றார் அந்தம்மா. "ஐபீஸ் இருக்கற இடத்துல கேமராவை வச்சு, டிவியில விழ வைக்கறேன். நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து பாரு. ஆனா ஒண்ணு. என்ன தெரியுதோ அதை மட்டும்தான் சொல்லணும்." அந்தம்மா தலையை ஆட்டினார். டிரைவருக்கு வேண்டியிருந்தது நிலாவின் படம் அல்ல. அந்த வாயிலிருந்து நிலாவைப் பற்றி உண்மையாக ஒரே ஒரு வார்த்தை.

அவருடைய பேருந்தில் தினமும் வருகிற ஸ்டுடியோக்காரர் ஒருவர், தன்னிடம் சும்மா கிடந்த பழைய கேமராவைக் கொடுத்தார். லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வளையத்தைப் போட்டு, ஐபீஸ் செருகுகிற துளையில் மாட்டிக்கொள்ளலாம். குழாயே லென்ஸ் ஆகிவிடும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

பகல் வெளிச்சத்திலேயே சோதித்துவிடலாம் என்று ஒரு விடுமுறை நாளில் கேமராவை மாட்டி, குழாயைப் பின்பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பினார். குமிழை உள்ளே உள்ளே என்று திருகினார். குமிழ் முட்டி நிற்கப்போகிற கடைசி இடத்தில், கேமராவின் திரையில் தொட்டி பளிச்சென்று தெளிந்தது. தொட்டியின் மேலே ஊர்ந்த எறும்பைக்கூட எண்ணலாம் போலிருந்தது. டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடிவந்து, "முடிஞ்சுது! சாயங்காலம் தயாரா இரு!" என்றார். கண்டக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். ஸ்டுடியோக்காரருக்கும் சொன்னார். தொட்டி தெளிந்தால் நிலா தெளியாதா என்ன?

தெளியவில்லை. சாயங்காலம் டிவியை மாடிக்குத் தூக்கி வந்து, ஸ்டூலில் வைத்து, கேமராவோடு வயரால் இணைத்து, அந்தம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நிலாவைப் பிடித்தால், திரையில் வந்தது ஒரு பஞ்சு உருண்டை. வெள்ளையாக, மொழுக்கென்று, ஓரமே இல்லாமல். குமிழை உள்ளே திருகினார். உருண்டை கொஞ்சம் சுருங்கியது. அதற்குள் குமிழ் முட்டி நின்றுவிட்டது. வெளியே திருகினார், உருண்டை ஊதிப் பெரிதானது. மறுபடி உள்ளே, மறுபடி முட்டு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பின்னாலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது. "நல்லாத்தானேங்க இருக்கு. வெள்ளை வெளேர்னு, அழகா..."

டிரைவர் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இது நல்லா இருக்கா? இது நிலாவே இல்லை! மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"இல்லைங்க, நீங்க கஷ்டப்படுறீங்களேன்னு..."

"என் கஷ்டத்துக்கு நீ சர்டிபிகேட் குடுக்க வேண்டாம். மோசமா இருந்தா மோசமா இருக்குன்னு சொல்லு."

அந்தம்மாவுக்கு முகம் வாடிப்போயிற்று. "பழக்கம் வந்துடுச்சுங்க" என்றார் மெதுவாக. அப்படிச் சொன்னது நிஜம் என்பது டிரைவருக்குத் தெரியும். இவ்வளவு காலம் ஒரு ஆளைச் சந்தோஷமாக வைத்திருக்கச் சொன்ன வார்த்தை, ஒரே நாளில் வாயை விட்டுப் போய்விடுமா? அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக டிவியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

அடுத்த மூன்று வாரமும் டிரைவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். பக்கத்தில் இருக்கிற தொட்டி தெரிகிறது, நிலா தெரியவில்லை. தொட்டியைவிட நிலா தூரம். சரி, தூரமாக இருந்தால் என்ன? ஒரு மாலை தொட்டியில் ஆரம்பித்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற விளம்பரப் பலகை, அதற்கப்பால் ரயில்வே பாலம் என்று குழாயை நகர்த்திக்கொண்டே போனார். பலகையே சரியாகத் தெளியவில்லை. பாலம் அதைவிட மோசம். தூரம் போகப் போக குமிழ் இன்னும் உள்ளே போக வேண்டும் என்கிறது. போக இடம் இல்லை. அப்போதுதான் விஷயம் உறைத்தது. கிட்டத்தில் இருக்கிற பொருளின் படம் குழாயை விட்டு நன்றாக வெளியே வந்து விழுகிறது. தூரத்துப் பொருளின் படம் அவ்வளவு வெளியே வருவதில்லை. தொட்டியை நம்பி ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தது தன் முட்டாள்தனம் என்று புரிந்து, தனியாக நின்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

மறுநாள் ஸ்டுடியோக்காரரிடம் கேட்டதில், கேமராவுக்குள் படம் விழுகிற தகடு முன்பக்கத்தில் இல்லை, முதுகுப் பக்கம் தள்ளி உள்ளே இருக்கிறது என்றார். வெளியே அதற்கு ஒரு அடையாளக் கோடுகூடப் போட்டிருக்கிறதாம். வார விடுமுறையில் கண்டக்டரை மாடிக்கு வரவழைத்தார் டிரைவர். கிண்டல் பண்ணுகிற ஆள் ஒருவழியாக வந்தாயிற்று. தையல் மெஷின் மேஜையிலிருந்து, துணிக்கு மாதிரி வெட்டுகிற மெழுகுத்தாளில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஊர்க் கடைசியில் நிற்கிற செல்போன் கோபுரத்தின் உச்சி விளக்குக்குக் குழாயைத் திருப்பினார். இருட்டத் தொடங்கியிருந்ததால் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, ஐபீஸையும் எடுத்துவிட்டு, வெறும் துளைக்கு மேலே தாளைப் பிடிக்கச் சொன்னார். கண்டக்டர் தாளை ஏற்றி இறக்கினார். ஒரு இடத்தில் சிவப்பு விளக்கு கடுகு அளவுக்குக் கூர்மையாகத் தாளில் விழுந்தது.

"அசையாதே! அங்கேயே பிடி!" என்று டிரைவர் கேமராவைப் பக்கத்தில் வைத்து அளந்தார். படம் விழுகிற இடத்துக்கும், கேமராவின் தகடு நிற்கிற இடத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை.

கண்டக்டர் பார்த்தார். "இவ்ளோதானா? அண்ணே, இது நீங்க எப்பவும் பண்றதுதான். ஸ்டாப்புக்கு முன்னாடியே வண்டியை நிறுத்திட்டீங்க. ஜனம் நிக்கற இடம் வரைக்கும் கொஞ்சம் முன்னாடி எடுங்க."

டிரைவருக்குச் சட்டென்று வழி புலப்பட்டது. கேமராவை உள்ளே தள்ள வழியில்லை, அதனால் படத்தை வெளியே வரவழைக்க வேண்டும். அடிக் கண்ணாடியை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிவிட்டால் படமும் அந்த அளவு வெளியே வந்து விழும். கண்ணாடியைப் பிடித்து நிறுத்துகிற திருகுகளுக்குக் குழாயின் பக்கத்தில் புதிதாக மூன்று துளை போட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததுதான். ஆனால் அப்படி ஏற்றிவிட்டால் ஐபீஸுக்குப் படம் எட்டாது. குமிழை முழுக்க வெளியே இழுத்தாலும் போதாது. நடுவே கோத்துக்கொள்ள ஒரு இணைப்புக் குழாய் கிடைக்கிறவரை கண் வைத்துப் பார்க்க முடியாது. இந்தக் குழாய்க்கு ஏற்ற அளவில் அது எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? "அப்போ உங்களுக்குண்ணே?" என்று கண்டக்டர் கேட்டார், இந்தத் தடவை கிண்டல் இல்லாமல். டிரைவர், "பார்த்துக்கலாம்" என்றார். கண்டக்டர் போனபிறகு ஐபீஸை மறுபடி மாட்டி, பிறை கீழே இறங்கி மறைகிற வரைக்கும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஐபீஸில் கண் வைக்கும்போது அந்த வெளிச்சம் நேராகத் தன் கண்ணுக்குள் வந்து விழுகிறது என்கிற சுகம் டிவியில் வராது. ஆனால் அது ஒற்றை ஆளுக்கான சுகம். அதை அவர் போதுமான அளவுக்கு அனுபவித்தாயிற்று.

காலையில் கண்ணாடியைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு, டிரில்லை எடுத்துக் குழாயில் துளை போட்டார். தகரத் தூள் மாடியெல்லாம் பறந்தது. "துணியெல்லாம் காயப் போட்டிருக்கேன், பாத்து!" என்று கீழேயிருந்து அந்தம்மா சத்தம் போட்டார். கண்ணாடியைப் புது இடத்தில் பொருத்தியதும் அது கோணிக்கொண்டு எங்கேயோ பார்த்தது. பின்பக்கத்துத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நேர்படுத்துவதற்குள் மதியமாகிவிட்டது. பேருந்தில் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்ய ஒரு தட்டு போதும். இது தட்டினால் கேட்கிற ஜாதி இல்லை.

அடுத்தடுத்து இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் டிரைவர் வேலை முடிந்து வரும்போது வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பொழுது சாயும்போதே பாதி நிலா உச்சியில் நின்றது. டிவி மாடிக்கு ஏறியது. அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவர் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை, தெரிகிறதா என்றும் கேட்கவில்லை. குமிழைத் திருகினார். பஞ்சு உருண்டை சுருங்கியது, ஓரம் பிடிபட்டது, இன்னும் ஒரு இழை திருகினார். நின்றது. கத்தரியால் வெட்டி எடுத்த மாதிரி நிலா திரையில் வந்து நின்றது.

குமிழ் இன்னும் முட்டவில்லை, கொஞ்சம் மிச்சமே இருந்தது. டிரைவர் திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். கண் இரண்டும் திறந்திருந்தது.

அந்தம்மா திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "நெஜத்தைச் சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லு."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன், சொல்லு."

"எனக்குப் பிடிக்கலைங்க." சொல்லிவிட்டுப் புருஷனை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "கீழேருந்து பாக்கறப்போ எவ்ளோ வழவழன்னு இருக்கும். இது என்ன, கசக்கிப் போட்ட துணி மாதிரி? முழுக்கக் குழி. காரை பேந்த சுவர் மாதிரி இருக்கு. ஓரத்தைப் பாருங்க, மடிச்சுத் தைக்காம விட்ட விளிம்பு மாதிரி ஒரே பிசிறு. இதைப் பாக்கவா தினமும் சாப்பாட்டை ஆற வச்சுட்டு மேலே நின்னீங்க?"

டிரைவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிசிறு! வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற அந்தக் கோட்டைப் பார்க்காத யாராலும் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் கேட்ட புகழ்ச்சியில் ஒன்றுகூட இவ்வளவு இனிக்கவில்லை அவருக்கு.

"நான் குறை சொல்றேன், நீங்க சிரிக்கறீங்க" என்றார் அந்தம்மா. ஆனால் பார்வையைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது என்னங்க, இருட்டுக்குள்ள ஒரு பொட்டு மட்டும் தனியா மின்னுது? நூல் அறுந்து தள்ளி விழுந்த மணி மாதிரி."

"அது மலை உச்சி. அங்க இப்பதான் விடியுது. உச்சிக்கு வெயில் வந்தாச்சு, அடிவாரத்துக்கு இன்னும் வரலை."

"அடிவாரத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

"யாருமே இல்லாத இடத்துல விடிஞ்சு என்ன பண்ணப் போவுது?" என்றார் அந்தம்மா. இத்தனை நாள் பார்த்ததில் டிரைவருக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

நிலா மெல்ல நகர்ந்து திரையின் ஓரத்துக்குப் போனது. டிரைவர் குழாயை லேசாகத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தார். மறுபடி நகர்ந்தது, மறுபடி கொண்டுவந்தார். கீழே யாரோ சீருடை வாங்க வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மனைவிக்குப் பிடிக்காததை எதற்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேலை கெடுகிறதே என்று டிரைவர் டிவியை அணைக்கக் கையை நீட்டினார்.

"இருங்க" என்று அந்தம்மா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "பிடிக்கலைன்னுதானே சொன்னேன்? பாத்து முடிச்சுட்டேன்னா சொன்னேன்?"